ஒன்றாம் எண் தகடு

நெய்வேலி
12-1-2025

அபி அப்பாவுக்கு,

புத்தாண்டு விடுமுறைக்குச் சாமியார்பேட்டை வந்து போன அபி, அங்கே எடுத்த படங்களை எனக்குக் காட்டினாள். கடல், தென்னை, நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டி நிற்பது, எல்லாம் சரி. ஒரு படத்தில் உங்களுக்குப் பின்னால் கார் ஷெட்டின் ஷட்டர் தெரிந்தது. அதை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிப்பட்டையில் பழுப்பாக இறங்கியிருப்பது துரு. இரண்டு பக்கச் சட்டங்களிலும் கறுப்பாக அப்பியிருப்பது என்ன என்று கேட்டேன். "அப்பா கிரீஸ் போட்டிருக்காரும்மா, மைன்ஸ்ல போடுற மாதிரியே" என்றாள்.

கிரீஸ் போடுவதை உடனே நிறுத்துங்கள். மைன்ஸில் உங்கள் எதிரி தூசியும் தண்ணீரும். அங்கே எதிரி உப்பு. காற்று கொண்டுவந்து ஒட்டிய உப்பைக் கழுவாமல் அதன்மேல் கிரீஸ் பூசினால், உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாக ஆகும். மேலே பளபளவென்று இருக்கும். அடியில் இரும்பு போய்க்கொண்டிருக்கும்.

இங்கே குழாய் ஒழுகினால் மெயின்டனன்ஸுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆள் வருவார். கதவுக்கு நாம் ஒருநாளும் பெயின்ட் வாங்கியதில்லை. முப்பத்தைந்து வருடம் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தவருக்கு, வீடு என்றால் அதைக் கவனித்துக்கொள்ள வேறு யாரோ இருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் இருக்கும். எனக்கும் அதே எண்ணம்தான். அதனால்தான் கடலோரம் வேண்டாம் என்றேன்.

போன் செய்யாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். நான் எதைச் சொன்னாலும் "சரி சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். அபி வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்கிறாள். அதில் நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று தெரியும், பதில் வராது. அந்த நீல அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு விருப்பமில்லை. கடிதம் என்றால் தபாலில் தாமதம் என்றாவது நினைத்துக்கொள்ளலாம்.

ஒரு சந்தேகம். கார் இங்கே என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு ஓட்டத் தெரியாது. காலியாகக் கிடக்கும் ஷெட்டின் ஷட்டருக்கு எதற்கு இத்தனை கிரீஸ்?

தேவயானி

சாமியார்பேட்டை
24-1-2025

தேவயானிக்கு,

போஸ்ட்மேன் நீட்டியபோது பேங்க் நோட்டீஸ் என்று நினைத்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் ஷெட்டு நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். நலமா என்று நீ கேட்கவில்லை. ஷட்டரைத்தான் விசாரித்திருக்கிறாய். ஷட்டர் கொஞ்சம் சுமார். நான் நலம்.

கிரீஸைப் பற்றி நீ சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கன்வேயர் பெல்ட்டின் ரோலர் ஒன்றுகூட என் ஷிப்ட்டில் துருப்பிடித்து நின்றதில்லை. மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் நின்று போட்ட கிரீஸ் அது. நீ லேப்பில் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பார்த்தவள். நான் இரும்போடு குடும்பம் நடத்தினவன். (இப்படி எழுதியதும் வேறு மாதிரி அர்த்தமாகிவிட்டது. அடிக்காமல் விடுகிறேன்.)

ஷட்டரைக் காலையில் ஒரு தடவை தூக்கி இறக்குவேன். சாயங்காலம் ஒரு தடவை. அசையாமல் விட்டால் இறுகிவிடும், அதுதான் காரணம். இங்கே மீன் கொண்டுவரும் ராஜாம்பாள் தினம் இதைப் பார்த்துவிட்டு நேற்று கூடையை இறக்கி வைத்துக் கேட்டே விட்டது.

"என்னா சார், காலி ஷெட்ட தொறந்துக்கினு மூடிக்கினு இருக்கியே, உள்ள என்னா சாமியா இருக்குது?"

"காருக்குங்க" என்றேன்.

"எங்க கார்?"

"நெய்வேலில."

"அப்ப நெய்வேலில போயி தொற. இங்க எதுக்கு பூச போடுற?" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே சங்கரா மீனை எடை அதிகமாகப் போட்டது. பக்கத்தில் வந்து சத்தமாகப் பேசுவதால் ராஜாம்பாள் சொல்வது எனக்குக் கேட்கிறது. மற்றவர்களிடம் தலையை ஆட்டிவிடுகிறேன்.

நீ கேட்ட சந்தேகத்துக்கு அதுதான் பதில். வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

குழந்தைவேல்

நெய்வேலி
9-2-2025

அபி அப்பாவுக்கு,

உங்கள் பதில் பதிலாக இல்லை. நீங்கள் கிரீஸை நம்புகிறீர்கள், நான் நம்பவில்லை. இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் இதுவும் கிரகப்பிரவேசத்தன்று நடந்தது போலத்தான் முடியும். அன்று உங்கள் அண்ணன் தம்பிகள் காடாம்புலியூரிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும்போது, பத்து வருடத்தில் இந்த வீட்டின் கம்பியெல்லாம் வெடித்து வெளியே வரும் என்று நான் சொன்னது அதிகம்தான். "இவ எதுல குத்தம் கண்டுபிடிக்கல" என்று அத்தனை பேர் முன்னால் நீங்கள் சிரித்ததும் அதிகம். நான் இலையில் உட்காராமல் காரை எடுத்துக்கொண்டு வந்ததைப் பற்றி நீங்கள் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல என்னிடம் புதிதாக எதுவுமில்லை.

அதனால் யார் சொல்வது சரி என்று இரும்பிடமே கேட்போம். இத்துடன் வரும் பொட்டலத்தில் விரல் நீளத்தில் மூன்று இரும்புத் தகடுகள் இருக்கின்றன. லேப்பில் இதைக் கூப்பன் என்போம். மின் நிலையத்தைக் குளிர்விக்கும் தண்ணீரில் சில மாதம் தொங்கவிட்டு, எடுத்து எடை போட்டு, எவ்வளவு இரும்பு கரைந்தது என்று பார்ப்போம். இவற்றை எடை போட்டுத்தான் அனுப்புகிறேன். அடையாளத்துக்காக ஒவ்வொன்றிலும் எண்ணையும் என் பெயரின் முதல் எழுத்தையும் கையால் கீறியிருக்கிறேன். ஓட்டையில் நைலான் நூல் கோத்து, ஷட்டருக்குப் பக்கத்தில், ஒன்றோடொன்று இடிக்காமல் தொங்கவிடுங்கள்.

ஒன்றாம் எண்ணைத் தொடவே கூடாது. எது நடந்தாலும் நடக்கட்டும். மற்ற இரண்டையும் எதனோடு ஒப்பிடுவது என்பது அதை வைத்துத்தான். இரண்டாம் எண்ணை ஒரு வாரம் காற்றில் விட்டு, பிறகு ஷட்டருக்குப் பூசுவது போலவே கிரீஸ் பூசுங்கள். மூன்றாம் எண்ணை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, மெழுகை மெல்லத் தேயுங்கள். ஆடி மாதம் வரை இருக்கட்டும். எதைக்கொண்டு ஷட்டரைக் கழுவுகிறீர்கள் என்று தெரிய வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் அபியிடம் கொடுத்தனுப்புங்கள்.

எதிர்வீட்டு மேரிசெல்வி நேற்று கோலம் போட்டுக்கொண்டிருந்த என்னிடம், "சார் போயி நாலு மாசமாவுது. சண்டையா, ரிட்டயர்மென்ட்டா?" என்றாள். ரெண்டும்தான் என்றேன். "ரிட்டயர்மென்ட்னா பென்ஷனாவது வரும்" என்றாள்.

இரும்பு அங்கே தாங்குமா என்று முதலில் பார்ப்போம். மற்றதை அதன் பிறகு பேசலாம்.

தேவயானி

சாமியார்பேட்டை
2-3-2025

தேவயானிக்கு,

தகடுகள் வந்தன. ஷட்டருக்கு இடப்பக்கம் மூன்று ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். காற்றடித்தால் லேசாகச் சுழல்கின்றன. வெயில் படும்போது நீ கீறிய எழுத்து மட்டும் மினுங்குகிறது. "தே" என்று எழுதும்போது கொம்பைக் கொஞ்சம் பெரிதாக வளைப்பாய், இரும்பிலும் அதே வளைவு. இரண்டாம் எண்ணுக்கு ஒரு வாரம் கழித்து கிரீஸ் பூசினேன். எழுத்து மறைந்துவிட்டது.

தண்ணீர் பாட்டிலை அபியிடம் கொடுத்திருக்கிறேன். வீட்டு போர்வெல் தண்ணீர்.

ஒரு விஷயம். சிதம்பரத்தில் நகைக்கடை வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். சனி ஞாயிறில் வந்து தங்க இப்படி ஒரு வீடு தேடுகிறாராம். சுற்றிப் பார்த்துவிட்டு, கொடுப்பீர்களா என்றார். நான் விநாயகர் சதுர்த்திக்குள் சொல்கிறேன் என்றேன். நீ ஆடி வரை என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதனால்.

தகடு மூன்றும் போய்விட்டது என்று நீ சொன்னால் விற்றுவிடுகிறேன். உன் வேலை முடிய இன்னும் பத்து பதினோரு வருடம் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் உன் பெயரில். நீ வரச் சொன்னால் நான் பழையபடி வந்து கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். தாங்கும் என்று நீ சொன்னால் என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும். மைன்ஸில் மெஷினை நிறுத்தி ஷட்டவுன் எடுக்கும்போது அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடுவது ஒருத்தர்தான். இதில் அந்தக் கையெழுத்து உன்னுடையது.

ஷட்டரை இன்றும் இரண்டு தடவை தூக்கி இறக்கினேன்.

குழந்தைவேல்

நெய்வேலி
6-4-2025

அபி அப்பாவுக்கு,

வீட்டை விற்பதா வேண்டாமா என்ற பாரத்தை என் தலையில் வைத்திருக்கிறீர்கள். வாங்கும்போது என் கையெழுத்தைக் கேட்கவில்லை.

தண்ணீரைச் சோதித்தேன். அதில் இருக்கும் உப்புக்கு அது குளிக்கவே லாயக்கில்லை. நீங்கள் இத்தனை நாள் ஷட்டரைக் கழுவியது உப்புத் தண்ணீரால். காற்று தராமல் விட்ட உப்பை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைத்து அதில் மட்டும் கழுவுங்கள். மழை வந்தால் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேருங்கள், அது இன்னும் நல்லது.

பரிசோதனை முடியும்வரை ஷட்டரைக் காத்திருக்க வைக்க முடியாது. கிரீஸை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் எடுங்கள், பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு குழாய்த் தண்ணீர், ஒருநாள் வெயில். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளையாக்கிய உடனே, அன்றைக்கே, துத்தநாகம் கலந்த பிரைமர் அடிக்க வேண்டும். மறுநாள் என்று விட்டால் இரவிலேயே உப்பு வந்து உட்காரும். பக்கச் சட்டத்துக்குள் கிரீஸ் வேண்டாம். மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும், மணல் ஒட்டாது. அடிப்பட்டையில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் இரண்டு ஓட்டை போடுங்கள். கழுவுவது வாரம் ஒருமுறை. கடல் பொங்கிக் காற்றடித்த நாளுக்கு மறுநாள் கட்டாயம். வெளிப்பக்கம் மட்டும் போதாது, மழை படாத உள்பக்கத்தில்தான் உப்பு தங்கும்.

இதையெல்லாம் எழுதும்போது, விற்கப் போகிற வீட்டுக்கு எதற்கு என்று தோன்றியது. விற்றாலும் வாங்குகிறவருக்கு நல்ல ஷட்டராகக் கொடுக்க வேண்டும்.

காருக்குச் சர்வீஸ் கொடுத்தேன். நான் ஓட்டக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து நீங்கள் உட்கார்ந்து வந்த இடப்பக்க இருக்கையை, கால் நீட்ட வசதியாகப் பின்னால் தள்ளி வைத்திருந்தீர்கள். சர்வீஸ் ஆள் அதை முன்னால் இழுத்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் பின்னால் தள்ளிவிட்டேன். பின்சீட்டில் யாரும் உட்காருவதில்லை, அதனால் இடைஞ்சல் இல்லை.

தேவயானி

சாமியார்பேட்டை
8-6-2025

தேவயானிக்கு,

தாமதமாக எழுதுகிறேன். எழுத வேண்டியது பிடிக்காத விஷயம், அதனால் தள்ளிக்கொண்டே வந்தேன். நீ சொன்னது சரி. கிரீஸை எடுத்தால் அடியில் சட்டம் அம்மை வடு விழுந்த முகம் மாதிரி இருந்தது. ஒரு இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. நாலு நாள் தேய்த்தேன். நீ எழுதியபடியே எல்லாம் செய்து, சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்திருக்கிறேன். காரின் நிறம் அதுதானே. ஷட்டர் இப்போது ஒரு விரலால் தூக்கினால் ஏறுகிறது. ராஜாம்பாள் வந்து ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐய, உன் சாமிக்கு கதவு ரெடி" என்றது.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன மாதம் கடலூரில் காது டாக்டரைப் பார்த்தேன். இயந்திர இரைச்சலில் இருந்தவர்களுக்கு முதலில் போவது மெல்லிய, உயரமான சத்தங்களாம். கனத்த சத்தம் கடைசிவரை கேட்குமாம். மைன்ஸில் காதில் வைக்கக் கொடுத்த பஞ்சை நான் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்தவன், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. டாக்டர் சொன்னதும் எனக்கு விளங்கியது. குருவிச் சத்தம் போனது. குக்கர் விசில் போனது. அதற்கெல்லாம் முன்னால் உன் குரல் போயிருக்கிறது.

நீ சமையலறையிலிருந்து பேசும்போது, பேசுகிறாய் என்று தெரியும். என்ன என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் என்ன என்ன என்று கேட்க வெட்கமாக இருந்தது, "சரி சரி" என்று சொல்லப் பழகிவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்தால் உன் வாய் அசைவது மட்டும் தெரிகிற வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த இடத்தை முதலில் பார்க்க வந்த அன்று கடல் கேட்டது. முழுசாகக் கேட்டது, அலை திரும்பும்போது மணல் அரிக்கிற சத்தம் தவிர மற்றதெல்லாம். எவ்வளவோ நாள் கழித்து ஒரு சத்தம் முழுசாகக் கேட்டதும் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். உன்னிடம் காரணம் சொல்லியிருந்தால் காது போனதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

கடிதத்தில் நீ பேசுவது முழுசாகக் கேட்கிறது. திட்டுவது உட்பட.

குழந்தைவேல்

நெய்வேலி
6-7-2025

அபி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை லேப்பில் வைத்துப் பிரித்தேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இதை நீங்கள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்த கோபம் அடங்கவே மூன்று வாரம் ஆனது. பதில் வராதபோதெல்லாம், பதில் சொல்ல உங்களுக்கு விருப்பமில்லை என்றே எடுத்துக்கொண்டேன். கடைசியில் நானும் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். வீட்டில் இரண்டு பேர் இருந்தும், பிரஷர் குக்கர் மட்டும்தான் சத்தம் போட்டது. அதுவும் உங்களுக்குக் கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

டாக்டர் கொடுத்த காது மிஷின் வேலை செய்கிறதா? காற்றில் இரைகிறது என்று அபி சொன்னாள். டாக்டரின் ரிப்போர்ட்டை நகல் எடுத்து அனுப்புங்கள், நான் பார்க்க வேண்டும்.

பின்பக்கத்துப் பலாவில் இந்த வருடம் காய்ப்பு அதிகம். பழத்தை அரிய ஆள் இல்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நீங்கள் அரியும்போது ஒரு சுளையும் கிழியாது. நான் அரிந்தால் பிசின் முழங்கை வரை. இரண்டை மேரிசெல்விக்குக் கொடுத்தேன், மீதி அணிலுக்கு.

ஆடி பிறந்ததும் தகடுகளை அனுப்புங்கள். கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், அப்படியே தனித்தனியாகத் தாளில் சுற்றி அனுப்புங்கள்.

தேவயானி

சாமியார்பேட்டை
3-8-2025

தேவயானிக்கு,

தகடுகளை அனுப்பியிருக்கிறேன். ஆணி மூன்றும் வெறுமையாக இருப்பது என்னவோ போல் இருக்கிறது. நகைக்கடைக்காரர் போன் செய்தார். சதுர்த்தியன்று வருகிறாராம்.

குழந்தைவேல்

நெய்வேலி
14-8-2025

அபி அப்பாவுக்கு,

இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இரண்டாம் எண், அதாவது உங்கள் கிரீஸ் பூசியது, நான் சொன்னது போலவே அடியில் குழிகுழியாக அரித்திருக்கிறது. மூன்றாம் எண் நன்றாக இருக்கிறது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம். அதுவரை சரி.

ஒன்றாம் எண்ணைப் பிரித்தபோது வேறு தகட்டை அனுப்பிவிட்டீர்களோ என்று நினைத்தேன். கடற்கரையில் ஐந்து மாதம் எதுவும் செய்யாமல் தொங்கிய வெறும் இரும்பு செதில் செதிலாக உதிர வேண்டும். இது லேசாக மஞ்சள் படிந்ததோடு சரி. மூன்றாம் எண்ணைவிடச் சுத்தமாக இருக்கிறது. தராசில் வைக்கக்கூட மனமில்லாமல் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். இப்படி நடக்க வழியே இல்லை.

என்ன செய்தீர்கள்? அந்த இடத்தில் இரும்பு துருப்பிடிப்பதே இல்லை என்று நான் நம்ப வேண்டும் என்பதற்காகச் செய்தீர்களா? வீட்டை விற்க மனமில்லை என்றால் நேராகச் சொல்லியிருக்கலாம். நான் இந்த மூன்று தகடுகளையும் வைத்துத்தான் முடிவெடுக்கலாம் என்றிருந்தேன். எனக்கு எதையும் சும்மா நம்ப வராது என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கெடுத்துவிட்டீர்கள். சதுர்த்திக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. வந்து கேட்பவருக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

தேவயானி

சாமியார்பேட்டை
18-8-2025

தேவயானிக்கு,

நீ கோபப்படுவது நியாயம். ஆனால் ஏமாற்ற நினைத்தவன் இரண்டாம் எண்ணை அல்லவா துடைத்திருப்பான்? கிரீஸ்தானே என் கட்சி. அதைத் தோற்க விட்டுவிட்டு ஒன்றாம் எண்ணைப் பளபளப்பாக்க எனக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பார்.

நடந்ததைச் சொல்கிறேன். தொங்கவிட்ட முதல் வாரம் தொடவில்லை. நீ எழுதியபடி விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கப் போனபோது பார்க்கிறேன், உன் எழுத்தின் கொம்பில் துரு பிடித்திருந்தது. கீறின இடத்தில்தான் முதலில் பிடிக்கும்போல. துண்டு தோளில் கிடந்தது. அந்தக் கொம்பை மட்டும் துடைத்தேன். அதைத் துடைத்ததும் பக்கத்தில் இருப்பது அசிங்கமாகத் தெரிந்தது, அதையும் துடைத்தேன். மறுநாள் குடிதண்ணீர் கொஞ்சம் தொட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றினேன். அப்புறம் தினமும் ஷட்டரைத் தூக்கும்போது அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

இரண்டாவதில் கிரீஸ் மூடிவிட்டது, எழுத்து தெரியவில்லை, அதனால் தப்பித்தேன். மூன்றாவதைக் கழுவ நீயே சொல்லியிருந்தாய். ஒன்றை மட்டும்தான் கைவிடச் சொன்னாய். உன் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக அழிவதைத் தினம் இரண்டு தடவை பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. பரிசோதனை கெட்டுப்போகும் என்று தெரியும். உன்னிடம் சொன்னால் வேறு தகடு அனுப்புவாய், அதிலும் "தே" என்று எழுதியிருப்பாய், அதையும் துடைத்திருப்பேன்.

வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நகைக்கடைக்காரர் சதுர்த்தியன்று சாயங்காலம் வருகிறார். நீ பதில் எழுதாவிட்டால் சரி என்று சொல்லிவிடுவேன். வடலூரிலோ எங்கேயோ, உனக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். கடல் கேட்காவிட்டால் என்ன, கடிதம் எழுதச் சொல்லிப் படித்துக்கொள்கிறேன்.

குழந்தைவேல்

நெய்வேலி
31-8-2025

அபி அப்பாவுக்கு,

வடலூரில் பஸ் மாறி, வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உட்கார இடம் கிடைத்தது. திங்கட்கிழமை ஜெனரல் ஷிப்ட்டுக்குப் பிளாக் முனையிலிருந்து ஷிப்ட் பஸ்ஸில் போய்க்கொள்வேன், மேரிசெல்வியின் ஸ்கூட்டரும் இருக்கிறது. அவள் வாசலில் காரைக் காணாமல், "வித்துட்டியா?" என்றாள். நிறுத்தியிருக்கிறேன் என்றேன். "எங்க?" என்றாள். ஷெட்டில் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உங்கள் கடிதத்துக்கு எழுத்தில் பதில் எழுதியிருந்தால் சதுர்த்திக்கு முன் வந்து சேர்ந்திருக்காது. நான் அன்று காரில் வந்ததற்கு அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று எவ்வளவோ ஹாரன் அடித்தேன், நீங்கள் கொல்லையில் முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். ராஜாம்பாள்தான் கூடையோடு ஓடி வந்து உங்கள் தோளைத் தட்டி, "சார், உன் சாமி வந்துட்டுது, போயி கதவத் தொற" என்றது. யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. ஆட்சேபிக்கலாம் என்று நினைத்து, பிறகு விட்டுவிட்டேன்.

சாயங்காலம் வந்தவரிடம் நான் பேசியது உங்களுக்குக் கேட்டிருக்காது. அவர் வீட்டைச் சுற்றிவிட்டு, "கார் ஷெட்டு காலியாதானே இருந்துது?" என்றார். "இப்ப காலியா இல்லைங்க" என்றேன். அவர் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டு, கொழுக்கட்டை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இதனால் அந்த வீட்டைப் பற்றி என் கருத்து மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஜன்னல் கம்பிகளைப் பார்த்தேன். இரண்டு கீல்கள் இந்த மழைக்குத் தாங்காது. மொட்டைமாடிக் கைப்பிடியில் பெயின்ட் உப்பியிருக்கும் இடத்தைச் சுண்டிப் பார்த்தேன், உள்ளே துரு. செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. எனக்கு வேலை முடிய இன்னும் பல வருடம் இருக்கிறது, சனி ஞாயிறுகளில் செய்தால் முடியும்.

கார் இனி உங்கள் பொறுப்பு. வாரம் ஒருமுறை குழாய்த் தண்ணீர். மேலே அடிப்பதைவிட அடியில் அடிப்பது முக்கியம், சக்கரத்துக்கு மேல் வளைவிலும் கதவின் கீழ் விளிம்பிலும்தான் உப்பு தங்கும். ஈரத்தோடு ஷெட்டுக்குள் மூடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் எஞ்சினை ஓடவிடுங்கள், சத்தம் கனமானதுதான், உங்களுக்குக் கேட்கும். இடப்பக்க இருக்கையை நகர்த்த வேண்டாம்.

ஒன்றாம் எண்ணை எடை போடவில்லை. பழைய ஆணியிலேயே தொங்கவிட்டு வந்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். இந்தத் தடவை அதற்கு நிபந்தனை எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். நான் வரும்போது ஷட்டர் மூடியே இருக்கட்டும். ஒரு விரலால் ஏறுகிறதா என்று நானே தூக்கிப் பார்க்க வேண்டும்.

தேவயானி